கரி லோரியும் கல்யாணக் கணக்கும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "எல்லாம் எப்படிய்யா போகுது?" என்று கேட்டேன். "போய்க்கிட்டுதான் இருக்கும்மா" என்றாய். சொல்லிவிட்டு இன்னும் ஒரு கரண்டி ரசத்தை ஊற்றிக்கொண்டாய். கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லாத பையன் சொல்லும் பதிலா அது? நீ கிளம்பிப் போனதும் உன் அப்பாவிடம் புலம்பினேன். "விடு, ஆம்பிளப் பிள்ளைங்க அப்படித்தான் பேசும்" என்று செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். என்னால் விட முடியவில்லை. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த கோளாறு அது. எது 'போய்க்கொண்டிருக்கிறது' என்று யார் சொன்னாலும் எனக்குள் மூன்று கேள்விகள் வரிசையாக எழுந்து நிற்கும். எவ்வளவு தூரம் வந்தாயிற்று? இப்போது என்ன வேகம்? அந்த வேகம் ஏறுகிறதா, இறங்குகிறதா? முதல் இரண்டையும் ஊரே கேட்கும். மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. நான் ஒரு தடவை கேட்டேன், அதுவும் என் கல்யாணத்தன்று, மணப்பெண் கோலத்தில், நடுச்சாலையில். அதைத்தான் உனக்கு முழுசாக எழுதப்போகிறேன். உன் மாமாக்கள் சொல்லி நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். அவர்கள் சொல்லும்போது சிரிப்புதான் மிஞ்சும், கணக்கை விட்டுவிடுவார்கள்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம் அது. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் அப்பா ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. என் அண்ணன் சிங்கப்பூரில் படித்துக்கொண்டிருந்தவன், படிப்புப் பாதியில் நின்று வீட்டுக்கு வந்து மரவள்ளிக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தான். அவன் கொண்டுவந்த பெட்டியில் ஒரு நுண்கணிதப் புத்தகம் இருந்தது. அவனுக்கு அது வேப்பங்காய். எனக்கோ, வீட்டைவிட்டு வெளியே போகவே பயமாக இருந்த அந்த நாட்களில், அது ஒன்றுதான் உலாவப்போகும் இடமாக இருந்தது. பின்கட்டில் உட்கார்ந்து பழைய ரயில்வே காகிதங்களின் பின்பக்கத்தில் கோடு கோடாக வரைந்துகொண்டிருப்பேன். "இந்தப் பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று என் அத்தை தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வரன் பார்க்கும் வீட்டில் சொல்லவேண்டிய விஷயமா அது?

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் கிள்ளானிலிருந்து உன் அப்பா பெண் பார்க்க வந்தார். பலகாரம் என்று கொடுக்க மரவள்ளிக்கிழங்கு வடைதான் இருந்தது. கூடத்து மேசையில் நான் மறந்து விட்டுவிட்ட காகிதம் ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கோடு ஏன் இப்படி வளையுது?" என்று என்னிடம் நேராகக் கேட்டார். பெரியவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்குப் புரிந்ததா என்றால், இல்லை, இன்றுவரை புரியவில்லை. ஆனால் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். அதற்கு முன்னால் என்னை யாரும் ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, பிடித்தது, அவ்வளவுதான்.

அவருடைய அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. படித்த பெண் எதிர்த்துப் பேசும் என்பது அவர் கட்சி. இருந்தாலும் சயாம் ரயில்பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம், போனவர்கள் திரும்புவது அபூர்வம். வீட்டுக்கு வீடு அழுகை. இருக்கும்போதே பிள்ளைக்கு ஒரு கல்யாணத்தைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. கிள்ளானில் ஒரு கோயிலில் முகூர்த்தம் குறித்தார்கள். நாங்கள் ரயில் குடும்பமாயிற்றே, ரயிலில்தான் போவோம் என்று என் அப்பா பிடிவாதம் பிடித்தார். பிளாட்பாரத்தில் நான் பட்டுச்சேலையோடு காலையிலிருந்து மத்தியானம்வரை நின்றேன். ராணுவச் சரக்கு வண்டிகள்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, எங்கள் வண்டி வரவே இல்லை. முகூர்த்தம் போயிற்று. கிள்ளானிலிருந்து சேதி வந்தது: "இன்னொரு நாள் குறிக்கிறோம். அதுவும் தவறிச்சுன்னா முருகனே வேணாம்னு சொல்றான்னு அர்த்தம். அத்தோட பேச்சை விட்டுடணும்." மாமியார் சொன்னால் சொன்னதுதான் என்று அந்த வட்டாரத்துக்கே தெரியும். ஆகவே இரண்டாவது முகூர்த்தத்துக்கு நேரத்தில் போய்ச் சேராவிட்டால் எனக்கு உன் அப்பா இல்லை. உனக்கும் இல்லை என்று வைத்துக்கொள்.

இந்தத் தடவை அப்பா ரயில் பேச்சை எடுக்கவில்லை. சாமிக்கண்ணு அண்ணன் என்று ஒருவர் லோரி வைத்திருந்தார். பெட்ரோல் எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டதால் அவருடைய லோரி கரியில் ஓடியது. பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம். அதில் அடுப்புக்கரியை மூட்டினால் வரும் புகை ஒரு துணிப் பை வழியாக வடிகட்டி எஞ்சினுக்குள் போகும். அதுதான் பெட்ரோல். ஓட ஓட அந்தப் பையில் சாம்பல் அடைக்கும், எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அப்போது நிறுத்திப் பையை உதறிவிட்டு, கைப்பிடியைச் சுற்றிக் காற்றடித்து அடுப்பை மறுபடி எழுப்ப வேண்டும். அதற்கு இருபது நிமிடம் பிடிக்கும், தோள்பட்டையும் கழன்றுவிடும். அதனால் லோரிக்காரர்கள் யாரும் லேசில் நிறுத்தமாட்டார்கள். சமையல் அண்டா, கிழங்கு மூட்டை, வாழைக்குலை, சொந்தக்காரர்கள், அத்தை, நான் எல்லாரும் பின்னால் ஏறிக்கொண்டோம். கிள்ளான் இருபது மைல். நேரம் தாராளமாக இருந்தது. அத்தை பாட்டு வேறு பாடினாள்.

பூச்சோங் ஊருக்குச் சடக்கு பிரிந்து போகும் இடத்தைத் தாண்டியதும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அப்பாவின் பாக்கெட் கடிகாரத்தை வாங்கிக்கொண்டேன். ஒரு மைல்கல்லுக்கும் அடுத்த மைல்கல்லுக்கும் இடையில் எத்தனை நிமிடம் என்று பார்த்தால் அந்த மைலில் சராசரி வேகம் தெரியும். ஆனால் எனக்குச் சராசரி வேண்டாம், இந்தக் கணத்தில் என்ன வேகம் என்று தெரியவேண்டும். அதற்கு மைல்கல் ரொம்பப் பெரிது. தந்திக் கம்பத்துக்குத் தந்திக் கம்பம் பார்த்தேன். தூரத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் சராசரி என்பது அந்தக் கணத்தின் வேகமாக ஆகிவிடும். நுண்கணிதத்தில் பாதி இவ்வளவுதான், தம்பி. ஆறாவது மைலில் மணிக்கு இருபது மைல் போய்க்கொண்டிருந்த லோரி, பத்தாவது மைல்கல்லைத் தாண்டும்போது பதினைந்தில் போய்க்கொண்டிருந்தது. இடையில் ஒவ்வொரு கல்லிலும் பார்த்தேன், சீராக இறங்கிக்கொண்டே வந்திருந்தது. முடுக்கம் என்று சொல்கிறோமே, அது இங்கே எதிர்ப்பக்கம் வேலை செய்துகொண்டிருந்தது. வண்டியில் யாருக்கும் அது தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது யார் கண்ணிலும் படாது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ரயில்வேக்காரர், உடனே கணக்குப் போட்டார். "இன்னும் பத்து மைல். பதினஞ்சு மைல் வேகத்துல போறான். நாப்பது நிமிஷத்துல கிள்ளான். முகூர்த்தம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நீ பேசாம உட்காரும்மா" என்றார். கணக்கு ரொம்பச் சரி. பதினைந்திலேயே போய்க்கொண்டிருந்தால்! நான் டிரம் பக்கத்தில் சிந்திக் கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து லோரிப் பலகையில் வரைந்தேன். கீழே நேரம், மேலே வேகம். வேகம் மாறாமல் இருந்தால் கோடு படுத்துக் கிடக்கும். அதற்குக் கீழே ஒரு செவ்வகம். அந்தச் செவ்வகத்தின் பரப்புதான் போகும் தூரம், பத்து மைல். அப்பா போட்டது அது. ஆனால் எங்கள் கோடு படுத்துக் கிடக்கவில்லை, சரிந்துகொண்டிருந்தது. இறங்குகிற அளவிலேயே இறங்கினால் அதே நாற்பது நிமிடத்தில் வேகம் பூஜ்யத்தைத் தொட்டுவிடும். அப்போது கோட்டுக்குக் கீழே இருப்பது முக்கோணம். செவ்வகத்தில் பாதி. "அப்பா, நாப்பது நிமிஷம் கழிச்சு நாம கிள்ளான்ல இருக்கமாட்டோம். அஞ்சு மைல் தள்ளி கித்தாத் தோட்டத்துக்கு நடுவுல நிப்போம். அதுக்கப்புறம் பையை உதறினாலும் நேரம் இருக்காது. இப்பவே நிறுத்தி உதறணும்" என்றேன்.

இங்கே கொஞ்சம் கதையை நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் உன் அப்பா இதைத் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, "பையனோட ஃபார்ம் டூ மார்க்கைச் சொல்லு" என்கிறார். நீ ஃபார்ம் டூ படித்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு தவணையும் உன் மார்க் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. "பாஸ்தானே பண்றான்" என்று உன் அப்பா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான்தான் உன்னை உட்காரவைத்து விசாரித்தேன். கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள், கரும்பலகையே தெரியவில்லை என்று அழுதாய். கண்ணாடி வாங்கிப் போட்டதும் மார்க் மறுபடி ஏறியது. உடனே நான் என்ன செய்தேன்? ஏறுகிற கோட்டை அப்படியே நீட்டி, இவன் மலாயாவிலேயே முதலாவதாக வரப்போகிறான் என்று பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். நீ உன் வகுப்பிலேயே பன்னிரண்டாவதுதான் வந்தாய். இறங்கும் கோட்டைப் பார்த்தால் விசாரிக்க வேண்டும், ஏறும் கோட்டைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நீயும் நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணும் பேசிக்கொள்வது குறைந்துகொண்டே வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். முன்பெல்லாம் அவள் பெயர் உன் வாயில் சாப்பாட்டுக்கு நடுவில் நாலு தடவை வரும். போன ஞாயிறு நானாகச் சொன்னபோதுதான் வந்தது. வேலை அதிகம், கல்யாணச் செலவு, களைப்பு என்று ஆயிரம் இருக்கும். பைதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவிடாதே. நிறுத்தி உதறு. நேரில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசு.

சரி, லோரிக்கு வருகிறேன். நான் எழுந்து நின்று சாரதி அறையின் கூரையைத் தட்டினேன். சாமிக்கண்ணு அண்ணன் தலையை வெளியே நீட்டி, "என்னம்மா?" என்றார். "அண்ணே, நிறுத்துங்க. பையை உதறணும்" என்றேன். "கிள்ளான் போய் உதறிக்கலாம்லா! ஓடுற வண்டிய யாராச்சும் நிறுத்துவாங்களா?" என்றார். நான் மறுபடி தட்டினேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். "அடியே, உனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லையா? இருந்தா நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுததும் மற்றப் பெண்களும் அழுதார்கள். ஒருத்தி யாரடி அந்தப் பையன் என்றே கேட்டுவிட்டாள். கல்யாணத்தன்று மணப்பெண் வண்டியை நிறுத்தச் சொன்னால் உலகத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றுகிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இஷ்டம் இருக்கிறதாலதான் நிறுத்தச் சொல்றேன், அத்தை!" என்று கத்தினேன். பெண்ணாகப் பிறந்தவள் அப்படிப் பத்துப் பேர் முன்னால் கத்திச் சொல்லக்கூடாதாம். அப்பா பலகையில் இருந்த முக்கோணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவரே எழுந்து, "சாமிக்கண்ணு, ஓரங்கட்டுப்பா" என்றார். என் அப்பாவை நான் மிக அதிகமாக நேசித்த நிமிடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

துணிப் பையைத் திறந்தபோது உள்ளே ஒரு கூடைச் சாம்பல். சாமிக்கண்ணு அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "சரியாத்தான் சொல்லியிருக்க, தங்கச்சி" என்றார். நான் மிதப்பாக நின்றேன். உதறுவதற்கு இருபது நிமிடம், பிறகு இருபது மைல் வேகத்தில் பத்து மைலுக்கு அரை மணி. மொத்தம் ஐம்பது நிமிடம். பத்து நிமிடம் கையில் மிச்சம்! கணக்கு கச்சிதமாக இருந்தது. ஆனால் கரி ஈரக் கரி, எழும்ப மறுத்தது. ஆண்கள் எல்லாரும் முறைபோட்டுக் கைப்பிடியைச் சுற்றினார்கள். அண்ணன் சுற்றினான், அப்பா சுற்றினார், சமையல்காரர் சுற்றினார். கடைசியில் அத்தையே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தள்ளுங்கடா" என்று சுற்றினாள். எஞ்சின் உறுமியபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. முகூர்த்தம் முடிய இருபது நிமிடம், கிள்ளானுக்கு அரை மணி. பத்து நிமிடம் குறைகிறது. எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் குறைகிறது. வண்டி நல்ல வேகத்தில் பறந்தது, எல்லாரும் குதூகலமாக இருந்தார்கள். பத்து நிமிடம் போதாது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. கரித்துண்டைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். நான் நிறுத்தச் சொன்னதால்தான் கல்யாணம் நின்றது என்று ஊர் சொல்லும். நிறுத்தாவிட்டாலும் நின்றுதான் இருக்கும் என்பதை நான் யாரிடம் போய் முக்கோணம் வரைந்து காட்டுவேன்?

ஒரு ஐந்து மைல் போயிருப்போம். "யாரோ கை காட்டறாங்க" என்றான் அண்ணன். எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ரப்பர் பால் வடியும் கித்தா மரம், நடுவில் வெறிச்சென்று சடக்கு, அதில் ஒரு சைக்கிள். இத்தனை கித்தா மரம் உள்ள நாட்டில் அப்போது சைக்கிளுக்கு ஒரு டியூப் கிடைக்காது. செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைச் சக்கரத்தில் சுற்றி ஓட்டுவார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் மாலை ஆட, வேர்த்து விறுவிறுத்து வந்துகொண்டிருந்தவர் உன் அப்பா. மணமேடையில் நேரம் ஆக ஆக, "பொண்ணு வராது, நான் அப்பவே சொன்னேன்" என்று மாமியார் ஆரம்பித்திருக்கிறார். இவர் எழுந்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டில் சுற்றி வந்துகொண்டிருந்த தாலியை எடுத்து மடியில் முடிந்துகொண்டு, கோயில் வாசலில் நின்ற யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அது யாருடையது என்று பிறகு தேடிக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்டது தனிக் கதை.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றார் என் அப்பா, கடிகாரத்தைப் பார்த்து. லோரியை ஓரங்கட்டினோம். ஐயர் இல்லை, மேளம் இல்லை. அப்பா தனக்குத் தெரிந்த ஒரு தேவாரத்தைப் பாடினார், பாதியில் மறந்து முதல் வரியையே மறுபடி பாடினார். பெண்கள் குலவையிட்டார்கள். சாமிக்கண்ணு அண்ணன் எஞ்சினை அணைக்கப் பயந்து ஓடவிட்டபடியே இருந்தார். அந்த உறுமல்தான் கெட்டிமேளம். கரிப்பிடித்த என் கையைப் பார்த்து உன் அப்பா சிரித்தார். தாலி கட்டினார். கிள்ளான் போனதும் மாமியார் திட்டித் தீர்த்துவிட்டு, கோயிலில் தன் கண் முன்னால் இன்னொரு தடவை மாலை மாற்றவைத்தார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மரவள்ளிக்கிழங்குப் பாயசத்தைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைத்தது லோரியில் நடந்த ஒரு பேச்சு. தாலி கட்டி, சைக்கிளையும் அண்டாக்களுக்கு நடுவில் ஏற்றிக்கொண்டு கிள்ளான் போகும் வழியில், அவரிடம் மெதுவாகக் கேட்டேன். "அங்கேயே இருந்திருக்கலாமே, ஏன் வந்தீங்க? நாங்க வரலேன்னு நினைச்சீங்களா?" அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நீங்க வந்துக்கிட்டு இருப்பீங்கன்னு தெரியும். எவ்வளவு தூரத்துல இருக்கீங்கன்னுதான் தெரியல. அதான் நானும் கொஞ்சம் வந்தேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தூரம், வேகம், முடுக்கம் எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டேன், தம்பி, ஒன்றிலும் தப்பில்லை. ஆனால் எல்லாக் கணக்கிலும் கிள்ளானை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். அது எழுந்து என்னை நோக்கி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாளைக்கே அந்தப் பெண்ணிடம் போ. அவளும் வந்துகொண்டுதான் இருப்பாள். எங்கே இருக்கிறாள் என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, நீ உன் பங்குக்குச் சைக்கிளை எடு.

உன் அம்மா